உபவாசம் இருந்த ஜெனரேட்டர்

2025 ஜனவரி 19, ஞாயிறு. காலை 10.40. நாற்பது நாள்.

மணியையும் எண்ணிக்கையையும் முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு யாரும் "நீ அப்படிச் சொல்லவே இல்லை" என்று மழுப்ப முடியாது. ஆராதனை முடிந்து ஊரே கோயில் முற்றத்தில் டீ கிளாஸோடு நின்றுகொண்டிருந்தது. நான் ஊருக்குக் கரண்ட் விற்கிற கோஷாபாவிடம் போய்ச் சொன்னேன்: "இன்னும் நாப்பது நாள். அதுக்கு மேல உங்க ஜெனரேட்டர் ஓடாது. ஆல்டர்னேட்டர் பேரிங் போச்சு. நம்பர் 6316. மாத்தலைன்னா உள்ள சுத்துறது வெளிய இருக்கறதுல உரசும். எல்லாம் கரியாயிடும்."

இதில் ஒரு எழுத்துத் தப்பில்லை. அரசாங்கக் கரண்ட் வந்தால் வந்தது. மற்ற நேரமெல்லாம் ஊரின் முன்னூறு வீடும் கோயிலுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் உறுமுகிற அந்த ஒரே டீசல் மிருகத்தை நம்பித்தான். அந்த உறுமல் சரியில்லை. நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை அதன் உடம்பில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன். உள்ளே யாரோ சரளைக்கல்லை மெல்லுகிற சத்தம். ஐந்திலிருந்து ஏழு வாரம் தாங்கும் என்பது என் கணிப்பு. நாற்பது என்று சொன்னது வாய். கோயில் முற்றத்தில் நின்றால் வாய் அப்படித்தான் சொல்லும் போல.

கோஷாபா என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மீசை குலுங்கச் சிரித்தார். "நினிவேக்கு யோனா வந்துட்டாருப்பா! டேய் இஷாயா, மீனை எங்கடா கட்டிப் போட்டுட்டு வந்தே?"

மீன் வயிற்றிலிருந்து தப்பி வந்து, நாற்பது நாளில் ஊர் அழியும் என்று நினிவேயில் கத்தியவர்தான் யோனா. ஊரே சிரித்தது. காஷா ஹொர்மிஸ் கூட, பாதிரியாராக இருந்துகொண்டு, டீயைத் தாடியில் சிந்திக்கொண்டு சிரித்தார்.

ஒரே ஒரு சிக்கல். நான் இன்று கோயிலுக்குப் போனதே கோஷாபாவுக்கு நல்லபடியாக ஒரு வணக்கம் வைக்கத்தான். அவர் மகள் ஷமிரான். இதை இங்கே மட்டும்தான் எழுத முடியும்: ஷமிரானைப் பார்த்தால், மின்சாரம் படித்த எனக்கு ஓம் விதியே மறந்துவிடுகிறது. பெண் கேட்க வழி பண்ணப் போனவன், பெண்ணின் அப்பாவுக்குச் சாபம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

முட்டாள். ஆனால் பேரிங் விஷயத்தில் நான் சொன்னது சரி.

ஜனவரி 20

ரொட்டிக் கடையில்: "யோனாவுக்கு நாலு ரொட்டி கொடுப்பா, திமிங்கலத்துக்கு ரெண்டு."

ஜனவரி 23, வியாழன்

பள்ளிக்கூடத்தில் இன்வெர்ட்டர் பழுது என்று கூப்பிட்டார்கள். ஷமிரான் அங்கே இரண்டாம் வகுப்பு டீச்சர். இன்வெர்ட்டரில் ஒன்றுமில்லை, ஒரு வயர் கழன்றிருந்தது. அரை நிமிட வேலை. நாற்பது நிமிடம் செய்தேன்.

"எங்கப்பா மெஷினுக்கு நாள் குறிச்சிட்டியாமே" என்றாள்.

"உண்மையைச் சொன்னேன்."

"உண்மையைத் தனியா கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்."

"பத்துப் பேருக்கு முன்னால சொன்னாத்தான் கேப்பாரு."

"முன்னூறு பேரு இருந்தாங்க இஷாயா."

பிறகு, பிள்ளைகளின் நோட்டைத் திருத்திக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்: ஈஸ்டருக்குச் சிட்னியிலிருந்து ஒருவர் வருகிறார். அத்தையின் கணவர் வழி உறவு. சொந்தமாக டைல்ஸ் கடை. அவளைப் பார்க்கத்தான் வருகிறார்.

"நீ என்ன சொன்னே?"

"என்னை யாரும் இன்னும் கேக்கவே இல்லையே. யாருமே."

அந்த 'யாரும்' என்ற சொல்லை இரண்டு முறை சொன்னாள். வீடு திரும்பும் வழியெல்லாம் ஓடினேன். நடக்க முடியவில்லை. இருபத்தேழு வயது ஆள், கையில் மல்டிமீட்டரோடு, ஆலிவ் தோட்டத்துக்கு நடுவே ஓடினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? யார் வீட்டிலோ தீப்பிடித்தது என்று நினைத்து இரண்டு பேர் பின்னாலேயே ஓடி வந்தார்கள்.

பிப்ரவரி 2

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா கொண்டைக்கடலை தேய்த்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"எனக்கு ரெண்டு வருஷமா தெரியும். ஊருக்கே தெரியும். அவங்கப்பனுக்கும் தெரியும்."

"அப்போ போய்க் கேளேன்."

"எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டுடா? அவரு சோத்துப் பானை உடைஞ்சிடும்னு நீ ஊர் முன்னால சொல்லிட்டு, அடுத்த வாரம் போய்ப் பொண்ணைக் கொடுன்னு கேக்கச் சொல்றியா?"

மார்ச் மூன்றாம் தேதி தவக்காலம் தொடங்குகிறது. தொடங்கிவிட்டால் ஈஸ்டர் வரை எங்களில் யாரும் பெண் கேட்டுப் போக மாட்டார்கள். ஈஸ்டருக்கு டைல்ஸ் கடை வந்து இறங்கிவிடும். ஆகவே இந்த மாதத்துக்குள் கேட்க வேண்டும்.

யோசித்தேன். என்னிடம் ஒரு திட்டம் இருக்கிறது. இயந்திரம் நின்றுவிடும் அல்லவா? நிற்கட்டும். நின்ற அன்றைக்கு நான் போய்ச் சரி பண்ணுவேன். கோஷாபா கையைப் பிடித்துக்கொள்வார். "நீ சொன்னது சரிதான் மகனே" என்பார். அந்த நிமிடமே கேட்டுவிடலாம்.

அருமையான திட்டம். நின்றால் போதும். சீக்கிரம் நில், சனியனே.

பிப்ரவரி 6

நிற்கவில்லை. சத்தம் மட்டும் கூடியிருக்கிறது. அந்தச் சத்தத்தைக் கேட்டபடி சந்தோஷமாகத் தூங்குகிற ஒரே ஆள் இந்த ஊரில் நான்தான்.

பிப்ரவரி 9, ஞாயிறு

நாளை பாவூதா. நினிவே மக்கள் மனம் திரும்பிய மூன்று நாள். வேறு ஊர்களுக்கு அது கதை. எங்களுக்கு அது எங்கள் தாத்தாவின் தாத்தா செய்தது மாதிரி. யோனா கத்திக்கொண்டு நடந்த மண் இங்கிருந்து ஒரு மணி நேர வண்டித் தூரம். ஆகவே ஒருவரும் நோன்பை விட மாட்டார்கள். மூன்று நாள் சோறில்லை, தண்ணீரில்லை. முடியாதவர்கள் மத்தியானம் வரை.

இன்று காஷா ஹொர்மிஸ் அறிவிப்பெல்லாம் முடித்தார். கடைசி பெஞ்சிலிருந்து கோஷாபா எழுந்தார். "காஷா, ஒரு விஷயம். நினிவே ராஜா ஆடு மாட்டுக்கும் சேத்துதானே நோன்பு வெச்சான்? அதுங்களுக்கும் சாக்குத்துணி இரட்டு போத்தினானே?"

"ஆமா."

"என்கிட்ட ஆடு மாடு எல்லாம் இல்லை. இருக்கறது ஒரே மிருகம். ராவும் பகலும் தின்னுக்கிட்டே இருக்குது. இந்த மூணு நாளு அதுவும் பட்டினி."

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் கோயிலே கைதட்டியது. கோயிலுக்குள் கைதட்டி நான் பார்த்ததே இல்லை. கிழவிகள் குலவையிட்டார்கள். காஷா தலையை ஆட்டினார்.

நான் மட்டும் எழுந்து, "பிப்ரவரி மாசக் குளிர்ல மூணு நாள் கரண்ட் இல்லாம..." என்று ஆரம்பித்தேன். அம்மா என் கோட்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். கோட்டின் தையல் விட்டுப்போனது.

பிப்ரவரி 10, திங்கள்

ஜெனரேட்டருக்குச் சணல் சாக்கு போர்த்தியிருக்கிறார்கள். போய்ப் பார்த்தேன். ஏழெட்டு சாக்கைச் சேர்த்துத் தைத்து, கொட்டகையை மூடிக் கட்டி, மேலே ஒரு பிடி சாம்பல் வேறு. ஒரு கிழவர் அதற்குமுன் நின்று தலை குனிந்து சிலுவை போட்டுக்கொண்டார். நான் வாயைத் திறக்கவில்லை. அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று கடவுளுக்குத் தெரியும்.

அரசாங்கக் கரண்டும் எட்டிப் பார்க்கவில்லை. ஊர் இருட்டு. எங்கள் வீட்டைத் தவிர. மொட்டை மாடியில் என் சோலார் பேனல்கள், நானே டிசைன் பண்ணியவை. எங்கள் வீடு மட்டும் கல்யாண மண்டபம் மாதிரி எரிகிறது.

"அணைடா" என்றாள் அம்மா. "ஊரே இரட்டுடுத்தி உக்காந்திருக்கு, நாம மட்டும் ஜிகினாவா?"

"சூரியன் நோன்பு இருக்கலையேம்மா."

அதற்குள் கதவைத் தட்டினார்கள். முதலில் பக்கத்து வீட்டுக்காரர், ஒரு போன். சார்ஜ் போட. பிறகு அவருடைய மச்சான். பிறகு தெருவே. நோன்பு நாளில் வயிற்றைக் காயப் போடலாம், கனடாவிலிருக்கும் மகளின் போனை எடுக்காமல் இருக்க முடியுமா? மாலைக்குள் ஹால் தரை முழுக்க போன். கம்பளத்தைக் காணோம். ஒன்று அடித்தால் எல்லோரும் பாய்கிறார்கள். ஒரு போன் ஜெப அலாரமாகச் சேவல் மாதிரி கூவியது. பசியில் எல்லோருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. அம்மா சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

ஐந்து மணிக்கு ஷமிரான் வந்தாள். கையில் போன். அவள் எங்கள் வாசற்படியைத் தாண்டியது இதுவே முதல் முறை.

"இடம் இருக்கா இன்ஜினியரே?"

என் போனைப் பிடுங்கிவிட்டு அவளுடையதைச் சொருகினேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

இரண்டாம் நாள். நாக்கு சாக்குத் துணி மாதிரி இருக்கிறது. கோபமாக எழுதுகிறேன், பொறுக்க வேண்டும். யாரைப் பொறுக்கச் சொல்கிறேன்? இதை யார் படிக்கப் போகிறார்கள்?

காலையில் கோயிலில் யோனா புத்தகம் முழுதும் வாசித்தார்கள். வருடா வருடம் கேட்பதுதான். இன்று, தொழில் புத்தியோடு கேட்டேன். யோனாவின் எச்சரிக்கையைப் போல மோசமான அறிக்கையை நான் பார்த்ததில்லை. ஒரே ஒரு வரி. என்ன கோளாறு, எங்கே, எப்படிச் சரி செய்வது, ஒன்றும் கிடையாது. நானாவது பேரிங் எண் கொடுத்தேன். ஆனாலும் அந்த ஊர் நம்பியது. ராஜா முதல் கழுதை வரை. காரணம் கேட்கவில்லை. கடவுள் மன்னித்துவிட்டார். உடனே யோனாவுக்குக் கோபம் வந்துவிட்டது. ஊருக்கு வெளியே போய் உட்கார்ந்துகொண்டான். நிழலுக்கு ஒரு ஆமணக்கு முளைத்தது. ஒரு பூச்சி அதை அரித்தது. செத்துப் போகிறேன் என்று கத்தினான்.

சிறுபிள்ளைத்தனம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வந்தால் வீடு இருட்டு. பேனலிலிருந்து வரும் கேபிளை எலி கடித்திருக்கிறது. நடுவில் கடித்து, அப்படியே கீழே இழுத்துப் போய், சுவருக்குள் மீதியையும் கடித்து. மாற்று கேபிள் டுஹோக் நகரத்துக் கடையில்தான் கிடைக்கும். தரையில் ஊர்ப் போன் எல்லாம் செத்துக் கிடக்கின்றன.

கத்தினேன். எலியை, எலியின் பரம்பரையை, கேபிள் கம்பெனியை. "இதுக்கு நான் செத்தே போலாம்!" என்று கூடச் சொன்னேன் என்று நினைக்கிறேன். திரும்பினால் வாசலில் ஷமிரான், போனை எடுத்துப் போக வந்தவள், வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். தோள் குலுங்குகிறது.

"சிரிக்காதே."

"சிரிக்கல. நிழல் போச்சா யோனா?"

"அது என்ன விலை தெரியுமா? நானே பாத்துப் பாத்துப் போட்டது."

அவள் சிரிப்பை நிறுத்தினாள். "ஒரு கேபிளுக்கு இவ்ளோ துக்கப்படுறே. அன்னிக்கு முன்னூறு வீடு இருட்டாயிடும்னு சொன்னப்போ உன் குரல்ல துக்கமே இல்லை. இனிப்பு கொடுக்க வந்தவன் மாதிரி சொன்னே."

கடிபட்ட கேபிளைச் சுருட்ட ஆரம்பித்தேன்.

"ஒண்ணு கேக்கறேன். நீ அது நிக்கணும்னு சொன்னியா, நிக்கக் கூடாதுன்னு சொன்னியா?"

அவள் கிளம்பும்போது படியில் நின்று இன்னொன்றும் சொன்னாள். "அப்பா சாக்குக்கு உள்ள என்ன பண்றாருன்னு நினைச்சே? ஜெபமா? போன வாரமே ஆள் அனுப்பி டுஹோக்குல இருந்து பேரிங் வாங்கிட்டாரு. நீ முற்றத்துல சொன்ன நம்பர். கையில எழுதி வெச்சிருந்தாரு, அழிய அழிய மறுபடி எழுதினாரு. அதை மாத்த மெஷினை நிறுத்தணும். நிறுத்தினா ஊர் சும்மா இருக்குமா? அதான் நோன்பு."

கேட்டிருக்கிறார். ஒவ்வொரு எண்ணையும். சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறார்.

எனக்கு வந்த முதல் உணர்ச்சியை மறைக்காமல் எழுதுகிறேன்: எரிச்சல். அப்போ நாற்பதாம் நாள் நிற்காதே? என் திட்டம்? நான் சொன்னது பொய்யாகிவிடுமே? ஐயோ, யோனாவேதான். அச்சு அசல். மீன் மட்டும்தான் குறை.

பிப்ரவரி 12, புதன்

சண்டை போடத்தான் போனேன். எதற்குச் சண்டை என்று வழியெல்லாம் யோசித்தேன், கிடைக்கவில்லை. இருந்தாலும் போனேன்.

சாக்கை விலக்கினால் உள்ளே கோஷாபா, மூன்றாம் நாள் உபவாசத்தில் உதடு வெடித்து, முழங்காலில் நின்றுகொண்டு, புது பேரிங்கைத் தண்டில் ஏற்றச் சுத்தியலை ஓங்குகிறார். சுத்தியல்! பேரிங் மேல்!

"நிறுத்துங்க அம்மோ!" எங்கள் ஊரில் சித்தப்பா வயதுள்ள எல்லோருமே அம்மோ. நான் அவரை அப்படிக் கூப்பிட்டது இன்றுதான். "அடிச்சீங்கன்னா இன்னிக்கே போயிடும்! சூடான எண்ணெயில போடணும், அது விரியும், தானா ஏறும்."

அவர் சுத்தியலை இறக்கவில்லை. "ஏன், நாப்பது நாளைக்கு மேல அது ஓடக் கூடாதே? உனக்கு நல்லதுதானே?"

"நல்லதோ கெட்டதோ, சுத்தியலால அடிக்கறதைப் பாத்துக்கிட்டு நிக்க என்னால முடியாது."

மீசை அசைந்தது. "அப்போ எண்ணெய் கொண்டா."

அம்மாவின் பெரிய பாத்திரத்தில் எண்ணெய் காய்ச்சினோம். பேரிங் அதில் வெந்துகொண்டிருந்தது. எங்கள் வாயில் ஈரமே இல்லை. அந்த வாசனையில் பசி வயிற்றைப் பிறாண்டியது. கோஷாபா முணுமுணுத்தார்: "மூணு நாள் பட்டினி கிடந்தவனுக்கு பேரிங் கூட வடை மாதிரி தெரியுது." கிடுக்கியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். தலை சுற்றியது. அவரும் சிரித்தார். பேரிங் தண்டில் வழுக்கிக்கொண்டு உட்கார்ந்தது, ஒரே தள்ளலில், அலுங்காமல்.

ஆகவே, என் தீர்க்கதரிசனத்தை என் கையாலேயே கொன்றுவிட்டேன். இது பதிவுக்காக.

மாலையில் நோன்பு முடிந்தது. தண்ணீர். தண்ணீர் இவ்வளவு இனிப்பா? ஏழு டம்ளர்.

பிப்ரவரி 13, வியாழன்

நன்றி நாள். இயந்திரத்தைக் கிளப்பினார்கள். உறுமல் இல்லை. சன்னமாக, பால் குடித்த பூனை மாதிரி ஓடுகிறது. ஊர் திரண்டு நின்றது. ஒரு கிழவி சத்தமாகச் சொன்னாள்: "மூணு நாள் நோன்பு! குணமாயிடுச்சு பாரு!"

கோஷாபா தலையாட்டினார். "ஆமா ஆத்தா. நோன்பு இருந்துச்சு, குணமாச்சு."

பொய் சொல்லவில்லை. முழுதாகவும் சொல்லவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

கொதிக்கிறேன். ஊருக்கே இப்போது அது அற்புதம். பக்கத்து ஊரிலிருந்து ஒரு ஆள் ஓடாத டிராக்டரைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்துவிட்டான், சாக்கு போர்த்த. ரொட்டிக் கடைக்காரர்: "யோனா, நாப்பது நாளு என்னாச்சு? கடவுள் உன்னை ஏமாத்திட்டாரு போல!"

இன்று முற்றத்தில் எல்லோரும் இருந்தார்கள். என் கையில் பழைய பேரிங் இருந்தது, பையில் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். உள்ளே உருண்டைகள் ஓடும் பாதை முழுக்கக் கொத்திக் குழிந்து கிடக்கிறது. தூக்கிக் காட்டினால் போதும். "இதோ பாருங்கள், நான் சொன்னது சரி" என்று ஒரு வாக்கியம்.

காட்டவில்லை.

ஏன்? இப்போதும் யோசிக்கிறேன். அந்தக் கிழவி குளிரில்லாத ஒரு வீட்டுக்குத் திரும்பிப் போனாள். ஹீட்டர் ஓடுகிறது. அவளுக்கு யார் சொன்னது சரி என்பது பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் குளிரவில்லை. என் வாக்கியம் அவளுக்கு எதைக் கூட்டிக் கொடுக்கும்? எனக்கு மட்டும்தான் கொடுக்கும். எச்சரிக்கையைக் கேட்டு ஊர் தப்பித்துவிட்டால் எச்சரித்தவன் பொய்யனாகிவிடுகிறான். பலிக்காமல் போனால்தான் அவன் சொன்னது வேலை செய்தது என்று அர்த்தம். இதை எந்தப் பாடப் புத்தகத்திலும் படித்ததில்லை. யோனாவுக்கு இது புரிந்திருக்குமா? புத்தகம் கடவுளின் கேள்வியோடு நின்றுவிடுகிறது. யோனா என்ன பதில் சொன்னான் என்று எழுதவே இல்லை.

பேரிங்கை வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தேன். அவள் அதை ஜாடி மூடியின் மேல் கனத்துக்கு வைத்து ஊறுகாய் அமுக்குகிறாள்.

பிப்ரவரி 22

இப்போது என்னிடம் திட்டம் எதுவும் இல்லை. அவருக்குக் காட்ட ஒரு வெற்றி இல்லை, பேச ஒரு நியாயம் இல்லை, டைல்ஸ் கடை இல்லை. சோலார் கேபிள் கூட இல்லை. அம்மாவிடம் சொன்னேன்: "வெறுங்கையோட போலாம்."

அம்மா என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள், காய்ச்சலா என்று. பிறகு என் மாமா ஓதிஷோவுக்குப் போன் போட்டாள். வெள்ளிக்கிழமை பெண் கேட்டுப் போகிறோம்.

பிப்ரவரி 27

நாளை. தூக்கம் கிடையாது. சட்டையை நான்கு முறை இஸ்திரி போட்டேன். நான்காவது முறை கருகிவிட்டது. வேறு சட்டை.

பிப்ரவரி 28, வெள்ளி

நாற்பதாம் நாள். தேதியை நாங்கள் பார்த்துக் குறிக்கவில்லை, அப்படி வந்து விழுந்தது. எழுத்து கோணல். அப்படியே கிடக்கட்டும்.

அம்மா, நான், மாமா ஓதிஷோ, காஷா ஹொர்மிஸ். கோஷாபா வீட்டுக் கூடம். ஷமிரான் காபித் தட்டோடு வந்தாள். பார்க்கக் கூடாது என்று கூரையைப் பார்த்தேன். கூரையில் விளக்கைத்தான் பார்க்க முடிந்தது, எத்தனை வாட் என்று மனம் கணக்குப் போட்டது.

எங்கள் வழக்கப்படி யாரும் காபியைத் தொடவில்லை. கேட்டதற்குப் பதில் கிடைக்கும் வரை கோப்பை மேசையில்தான் இருக்கும். மாமா தொண்டையைச் செருமினார். "கோஷாபா, உங்க காபிய குடிக்க வரல. உங்க பொண்ணு ஷமிரானை எங்க இஷாயாவுக்கு..."

விளக்கு அணைந்தது.

கும்மிருட்டு. நாற்பதாம் நாள். இருட்டில் எல்லாக் கண்ணும் என் மேல் இருந்தது எனக்குத் தெரிந்தது. அம்மா "ஐயோ மரியம்மா" என்று முனகினாள். இல்லை, இல்லை, பேரிங்கை நானே ஏற்றினேன், நிற்காது, நிற்கக் கூடாது, கடவுளே நிற்கக் கூடாது, ஓடட்டும்...

கொட்டகையில் இருந்த ஆள் கிளப்பிவிட்டான், மெல்லிய சத்தம். விளக்கு வந்தது.

கோஷாபா கண்ணீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தார். "அது அரசாங்கக் கரண்டுப்பா போனது! என் மெஷின் இல்லை! அது இப்பத்தான் வந்துச்சு!" தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். காஷா சிரித்ததில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. மாமா ஓதிஷோ இருட்டில் என் கையைப் பிடித்திருந்தார், விடவே மறந்துவிட்டார்.

பிறகு கோஷாபா முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நாப்பது நாளு முடிஞ்சுது. நீ சொன்னது நடக்கல."

"நடக்கல அம்மோ."

"நடந்திருந்தா?"

"நடந்திருந்தா நான் சொன்னது சரின்னு நெஞ்ச நிமித்திக்கிட்டு வந்திருப்பேன். இன்னிக்குக் காட்ட எதுவும் இல்லாம வந்திருக்கேன்."

"அன்னிக்கு முற்றத்துல பழைய பேரிங்கைப் பைக்குள்ள வெச்சுக்கிட்டுத் திரும்பிப் போனியே. நான் பாத்தேன்."

"நீங்களும் ஊருக்கு உண்மையச் சொல்லலையே?"

"நீ சொல்லித்தான் நடந்துச்சுன்னு சொல்லியிருந்தா ஊரே உன் வாய்க்குப் பயப்படும். மாப்பிள்ளையப் பாத்துப் பயந்தா கல்யாணத்துக்கு எவன் வருவான்?"

மாப்பிள்ளை. மாப்பிள்ளை என்றார். எனக்குக் காது அடைத்தது. முட்டாள்தனமாக ஒன்று சொன்னேன்: "அப்போ அந்த பேரிங் வேலைக்காகவா..."

"பேரிங்குக்குப் பொண்ணு கொடுக்கறதா இருந்தா டுஹோக்குல கடை வெச்சிருக்கறவனுக்குல்ல கொடுக்கணும்?" என்றார். "நீ ஒண்ணும் சம்பாதிச்சுடலைடா. அவளுக்கு உன்னைப் பிடிச்சிருக்கு. என்னால உன்னைப் பொறுத்துக்க முடியும். அவ்ளோதான். காபி ஆறுது, குடி."

குடித்தேன். கொதித்துக்கொண்டிருந்தது. நாக்கு வெந்துபோனது. கதவுக்குப் பின்னாலிருந்து ஷமிரான் சிரிக்கும் சத்தம் கேட்டது. வெந்த நாக்கோடு நானும் சிரித்தேன். குலவை. அம்மா அழுகை. என் கோப்பையில் மீதி இருந்ததையும் காஷா எடுத்துக் குடித்துவிட்டார்.

மூன்று வாரமாக இதைத்தான் யோசிக்கிறேன், இப்போதுதான் பிடிபடுகிறது. நான் எல்லாவற்றையும் வென்று வாங்கப் பார்த்தேன். அவர் அதைச் சும்மா கொடுத்துவிட்டார். வென்றிருந்தால் என் கையில் ஒரு வெற்றி இருந்திருக்கும். இப்போது இருப்பது அதைவிடப் பெரியது. அதன் பெயரைக் கோயிலில் ஒவ்வொரு ஞாயிறும் பாடுகிறோம், கிருபை என்று. நான் இதுவரை மெட்டை மட்டும் கேட்டிருக்கிறேன் போல.

மார்ச் 2, ஞாயிறு. இரவு 9.15.

நாளை தவக்காலம். அதற்கு முன் எழுதி வைக்கிறேன், செய்ய வேண்டியவை:

1. ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு, ஏப்ரல் 27, கோயில் கூடம் எங்கள் கல்யாணத்துக்கு என்று காஷாவிடம் சொல்லி வைக்க வேண்டும்.

2. சிட்னிக்காரருக்கு நானே போன் செய்ய வேண்டும். டிக்கெட் எடுத்துவிட்டாராம், பாவம். வருகிறவர் வரட்டும். கல்யாணத்துக்கு வரட்டும். எங்கள் வீட்டில் தங்கட்டும்.

3. கோஷாபாவின் கொட்டகைக் கூரையில் சோலார் பேனல். பகலில் இயந்திரம் ஓய்வெடுக்கலாம். அவரிடம் முதலில் கேட்க வேண்டும். கேட்டுவிட்டுத்தான்.

4. பள்ளிக்கூடக் கிணற்று மோட்டாரில் இன்று ஒரு கீச்சொலி கேட்டேன். தலைமையாசிரியரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். ஸ்பானரைக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். எத்தனை நாள் என்று மட்டும் சொல்லவே கூடாது.